அரை அங்குலம்

ஷவர் என்று பெயர்.
பதினேழு துளையில் மூன்றுதான் வாய் திறக்கும்,
அதில் ஒன்று சுவரைப் பார்த்து.
தலையில் ஷாம்பு நுரையோடு நின்று
மூன்று பேரைத் திட்டியிருக்கிறேன்:
வீட்டுக்கார லிங் தவுக்கேயை,
நீர் வாரியத்தை,
ஐம்பது வெள்ளி மிச்சமென்று
இந்த வீட்டைப் பிடித்த என்னை.

செம்பனை ஆலை வாடை
முடியில் ஏறினால் லேசில் இறங்காது.
ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க
எண்ணெயில் எத்தனை சதவீதம் ஈரம் என்று
இரண்டு தசமம் வரை சொல்கிறவள் நான்.
என் குளியலில் எத்தனை என்று
யாரும் கேட்டுவிடாதீர்கள்.

தவுக்கேக்குப் போன் போட்டேன்.
“முன்ன இருந்தவன் நாலு வருசம் குளிச்சான்,
ஒண்ணும் சொல்லலியே.”
அவன் குளித்தானா என்பதே
எனக்குச் சந்தேகம்.

சனிக்கிழமை இரவு
ஷவர் தலையைத் திருகிக் கழற்றி
மைலோ டின்னில் சூக்கா ஊற்றி ஊறப்போட்டேன்.
விடிய விடிய ஊறுகாயாய்க் கிடந்தது.
காலையில் ஊசியால் ஒவ்வொரு துளையாய்க் குத்த
துரு, மணல், சுண்ணாம்புப் பொருக்கு,
ஓர் எறும்பின் தலை.
பதினேழும் திறந்தன.
பதினேழும் சேர்ந்து கண்ணீர் விட்டன,
அவ்வளவுதான்.

சவரியப்பன் கடைக்குப் போனேன்.
ஆணி நிறுத்துக்கொண்டே கேட்டார்,
“தொட்டி எவ்வளவு உயரம்?”
“என் தலைக்கு ஒரு முழம் மேல.”
“ஷவரு?”
“அதுவும் கிட்டத்தட்ட அங்கதான்.”
“அப்புறம் தண்ணிக்கு என்னம்மா அவசரம்,
ஓடி வரதுக்கு?”

இரும்புச் சட்டம் ஒன்று, கான்கிரீட் கல் நாலு,
முக்கால் அங்குலக் குழாய் எட்டடி,
வெள்ளை டேப் இரண்டு சுருள்.
நூற்று முப்பத்தாறு வெள்ளி.
ரசீதில் தவுக்கே பெயரைப் போடச் சொன்னேன்.

ஏணி பக்கத்து வீட்டினுடையது.
லொம்போக்கிலிருந்து வந்து குலை வெட்டும்
ஒன்பது பேர் அங்கே.
ரஹ்மத்தும் இன்னும் இருவரும்
தொட்டியைத் தூக்கி உயரே வைத்துவிட்டு
என் கையால் ஒரு மிடறு தேநீர்கூடக் குடிக்காமல்
வேலிப் பக்கம் புல்லை விலக்கிக் காட்டினார்கள்:

மீட்டரிலிருந்து வருவது ஒரே அரை அங்குலக் குழாய்.
அங்கே அது இரண்டாய்ப் பிரிகிறது.
என் பக்கத்து வால்வு முழுசாய்த் திறந்திருந்தது.
அவர்கள் வால்வு முக்கால்வாசி மூடி,
கைப்பிடியை முறுக்குக் கம்பியால் கட்டி,
கம்பியும் துருப்பிடித்து.
“முன்ன இருந்தவர் கட்டினது,” என்றான் ரஹ்மத்,
மழை பெய்தது என்பதுபோல.

நான் திட்டித் தீர்த்த அந்த நூல் தண்ணீர்
இருவரில் பெரிய பங்கு.

குறடு என் கையில்தான் இருந்தது.
நேர்மையாகச் சொன்னால்
சட்டென்று வெட்டிவிடவில்லை.
திங்கட்கிழமைத் தலைமுடியை நினைத்தேன்.
ஒன்பது பேர், ஒரு டிரம், ஒரு குவளை என்று
மனசு தானாகக் கணக்குப் போட்டது.
பிறகு வெட்டினேன்.
கம்பி பிஸ்கட்டாய் உடைந்தது.
இரவு பத்துக்குமேல் என் தொட்டி நிறையும்,
அதுவரை தண்ணீர் அவர்களுக்கு என்று பேச்சு.

இப்போது பதினேழு துளையும் தோளில் அறைகின்றன.
சூக்கா வாடை இன்னும் கொஞ்சம் உண்டு.

இந்த ஊர் ஆயர் தாவார்.
ஆயர் என்றால் தண்ணீர்,
தாவார் என்றால் உப்பில்லாதது;
சந்தையில் அதே சொல்லுக்குப் பேரம் என்று பொருள்.
நேற்று தவுக்கே வந்தார்.
ஷவருக்கடியில் கையை நீட்டிப் பார்த்தார்,
சட்டைக்கை நனைந்தது,
முகம் மலர்ந்தது.
“தண்ணி நல்லா வருதே!
வாடகை இருபது வெள்ளி கூட்டிக்கலாம்.”

ரசீதை நீட்டினேன்.
அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஆலை ஷிஃப்டு முடிந்ததுபோல்
யாரோ குழாயை முழுசாய்த் திறந்துவிட்டார்கள்.
அந்த இரைச்சலில்
இருபது என்றாரா, பத்து என்றேனா,
இருவருக்கும் சரியாகக் கேட்கவில்லை.