கதவு திறந்திருந்த பதினேழு நிமிடம்

வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பின்னால்
எங்கள் குளிரறைக்கு இப்போது சொந்தமாய் ஒரு சிம்.
மாதம் தவறாமல் ரீலோட் போடுவது நான்தான்.
என் போனுக்குக் கடன் சொல்லியிருக்கிறேன்,
அதற்கு ஒருநாளும் சொன்னதில்லை.

நெருப்புப்பெட்டி அளவு வெள்ளைச் சென்சர்
கதவு நிலையில் ஒன்று,
உள்ளே பாரைகளுக்கு மேலே மூன்று.
ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால்
எத்தனை பாகையென்று கொழும்புக்குச் சொல்லும்.
கொழும்பு, கடல்கடந்து வாங்குபவனுக்குச் சொல்லும்.
அவன் கோட்டைப் பார்த்து விலை வைப்பான்,
மீனின் செவுளைப் பார்ப்பதில்லை.
போன வருடம் நானூறு கிலோ அழுகி எறிந்தோம்,
இந்த வருடம் ஒரு பெட்டியும் இல்லை.
அதையும் சொல்லவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை.
கச்சான் அடித்து வாய்க்குள்ளும் மணல்.
கணினியைத் திறந்தால் சிவப்பில் நிற்கிறது:
கதவு திறப்பு 2.14, மூடல் 2.31.
மைனஸ் பதினெட்டு மைனஸ் பதினொன்றுக்கு ஏறி
மெல்ல இறங்கிய தழும்பு.

இரவுக் காவல் கிருபைரத்தினம்.
கூப்பிட்டேன்.
சேட்டின் மேல்பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.
"ஒண்டும் எடுக்கல்ல, தங்கச்சி."
"தெரியும். நிறை குறையல்ல."
"கொட்டிலுக்குத் தகரம். கரண்டும் போச்சி,
ஃபேன் நிண்டுட்டு."
பிறகு, யாரையும் குறைசொல்லாத குரலில்,
"ஜெனரேட்டர் மீனுக்கு மட்டுந்தானே."

காரணம் என்ற கட்டத்தை அழுத்தினால்
நாலு சொல் கீழே விழும்:
ஏற்றல். இறக்கல். திருத்தவேலை. மின்தடை.
மின்தடையைத் தொட்டேன்:
'ஜெனரேட்டர் இயங்கியுள்ளது' என்று திருப்பிவிட்டது.
புழுக்கம் அதில் இல்லை.
காரணம் தராமல் என்னை வெளியே விடவுமில்லை.
இறக்கல் என்று போட்டேன்.
எத்தனை கிலோ என்றது.
அவரைத் தலையிலிருந்து செருப்புவரை பார்த்தேன்.
பொய்யை முழு எண்ணில் எழுதக்கூடாது,
அது கணக்குப்பிள்ளைக்குத் தெரியும்:
அறுபத்திரண்டு தசம் ஐந்து.
என்ன மீன் என்றது.
அறக்குளா.

திங்கட்கிழமை கொழும்பிலிருந்து மெசேஜ்:
'அந்த 62.5 கிலோ அறக்குளாவையும்
இன்றைய லொறியில் ஏற்றிவிடவும்.'

மனிதர் அப்போதுதான் வேலைமுடிந்து
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேற்றைத் தாண்டுகிறார்,
ஹாண்டிலில் சாப்பாட்டுப்பெட்டி ஆடுகிறது.

பதில் ஒன்றும் போடவில்லை.
மத்தியானம் ஓட்டமாவடிக்குப் போய்
பன்னிரண்டு மீற்றர் வயரும் ஒரு பிளக்கும் வாங்கினேன்,
ஜெனரேட்டரிலிருந்து கொட்டில்வரை அளந்து.
பில்லில் எழுதச் சொன்னது:
குளிர்சாதன உதிரிப்பாகம்.