நூற்றைம்பத்தைந்து மில்லிமீட்டர்

பகல் பதினொன்றுக்குப்
பென்சிகர் உறங்க வேண்டும்.
ராத்திரி முழுக்க முப்பந்தலில்
நின்றுபோன காத்தாடிகளை எழுப்பிவிட்டு
கிரீஸ் மணத்தோடு வந்து விழுகிற ஆள்.
பகல் பதினொன்றுக்குத்தான்
நான் கல்யாண வீடியோ வெட்ட வேண்டும்.
இருப்பது ஒரே அறை.

ரெண்டர் போட்டதும்
மேசைக்கடியில் பெட்டி
மாவு மில் மாதிரி கூவும்.
கம்ப்யூட்டரோடு கூடவே வந்த விசிறி,
உள்ளங்கை அளவு,
ஆத்திரம் மட்டும் ஆளுயரம்.
"ஏட்டி, அதுக்க ஒச்சயக் கொஞ்சம்
கொறைக்கப்பிடாதா"
தலையணைக்கு அடியிலிருந்து வரும் குரல்.
ஒரு நாள்
மாப்பிள்ளை தாலி எடுக்கும் இடத்தில்
நிறுத்திவிட்டேன்.
அவன் உறங்கும்வரை
தாலி அந்தரத்தில் நின்றது.

பக்கத் தகட்டைக் கழற்றி
ஸ்கேல் வைத்து அளந்தேன்.
நூற்று அறுபது.
அதற்குமேல் ஒரு நூல் உயர்ந்தாலும்
கதவு சாத்தாது.

வடசேரியில் அசன்கண்ணு கடை.
முதலில் எடுத்து வைத்தது
இரட்டை விசிறிக்காரன்,
வாழைக்குலைக் கனம், நூற்று அறுபத்தைந்து.
"இதுதான் அக்கா ராஜா."
ராஜாவுக்கு எங்கள் வீட்டில்
தலை இடிக்கும் என்றேன்.
நிறம் நிறமாக எரிகிற ஒன்று. வேண்டாம்,
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு
இருட்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம்.
கடைசியில் அலமாரி மேலிருந்து இறக்கினான்
சாம்பல் நிறத்தில்
பேச்சில்லாத ஒரு பெட்டி.
நான்கு செம்புக் குழாய், ஒரே விசிறி,
நூற்றைம்பத்தைந்து.

பேட்டரியில் மாட்டி
என் காதருகே பிடித்தான்.
திட்டுவிளை பஸ்ஸின் ஹாரன் கேட்டது.
வடசேரியில் வைத்து எந்த விசிறியும்
ஒச்சையில்லாத விசிறிதான்.
ஆனால் இறக்கையைப் பார்த்தேன். அகலம்.
ஆரல்வாய்மொழிக்காரிக்கு அது போதும்:
பழைய குட்டைக் காத்தாடிகள்
பதறிப் பதறிச் சுற்றி ஊரைக் கூட்டும்.
பிறகு வந்த நெட்டைகள்
பைய, ஏதோ யோசனையில் திரும்பும்,
கரண்டு கூடுதல் தரும்.

ஞாயிறு பூசை முடிந்து
இருவரும் தரையில் உட்கார்ந்தோம்.
பழைய விசிறி போகும்போது
சிப்பையும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தது.
"இழுக்காத. பைய, முறுக்கி எடு."
புதுப் பசை பட்டாணி அளவு
என்றது தாள்.
காய்ந்த பட்டாணியா, வெந்ததா?
நல்லமிளகு அளவு என்று முடிவானது.
திருகாணி அவன் பொறுப்பு:
இங்கே இரண்டு சுற்று,
எதிர்மூலையில் இரண்டு சுற்று,
எண்பது மீட்டர் உயரத்தில்
போல்ட் முறுக்கும் அதே ஒழுங்கு,
இங்கே மட்டும் ஊசி கோக்கிற கை.

விசிறியின் விளிம்பில் சின்ன அம்பு.
எந்தப் பக்கம்?
"மேக்கேருந்து வந்து கெழக்கே போணும்."
எங்கள் கணவாயில் வேறு எப்படி.
பெட்டியின் முகத்தை மேற்கே திருப்பினோம்.

போட்டதும் தொண்ணூற்றாறு டிகிரி.
அவன் என் மிளகைக் குறை சொன்னான்,
நான் அவன் முறுக்கை.
எல்லாவற்றையும் கழற்றினால்
செம்பின் அடியில் அப்படியே இருந்தது
பொருத்துமுன் உரிக்க வேண்டிய
கண்ணாடித் தாள்.
அசன்கண்ணுவிடம் இன்னும் சொல்லவில்லை.

திங்கள், பகல் பதினொன்று.
ரெண்டர் போட்டேன். அறுபத்திரண்டு டிகிரி.
சுவர்க்கடிகாரம் கேட்டது.
அவன் மூச்சு கேட்டது,
இடது மூக்கு அடைத்திருப்பது
கேட்டது.

பத்து நிமிஷம் இருக்கும்.
பென்சிகர் துள்ளி எழுந்து உட்கார்ந்தான்.
கண் திறக்கவில்லை,
கை டார்ச்சைத் தேடியது.
"நின்னுட்டா? எந்த நம்பர்?"

அவன் கையைப் பிடித்து
பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.
வெதுவெதுவென்று, பைய, காத்து.
விரல்களை விரித்து
கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.
"கெழக்கேதான் போவுது," என்றான்.
"கொள்ளாம்."

படுத்தான். உறங்கினானா தெரியவில்லை.
திரும்பிப் பார்த்தேன்,
திரையில் மூன்றாம் முடிச்சு விழுந்திருந்தது.