புள்ளிக் கணக்கு

கோட்டையூரில் எங்கள் வீட்டு மாடிக்கூடம்
நூற்றுப்பத்தடி நீளம்.
ஒரு மூலையில் மட்டும் வைஃபை எடுக்கிறது.
அங்கே மேசை போட்டு
ஹவாய் மலையில் யாரோ எடுத்த படங்களில்
சனியின் அக்கம்பக்கம் தேடுகிறேன்.

"சனியையா பார்க்கிறாய்?" என்கிறாள் சிகப்பி,
"அது நம்மைப் பார்க்காமலிருந்தால் போதாதா?"

சனியைக்கூட அல்ல.
அது படத்துக்கு வெளியே நின்று
வெளிச்சத்தை மட்டும் உள்ளே கசியவிடுகிறது.
எனக்கு வேண்டியது வெகு தள்ளி,
மூன்று கிலோமீட்டர்க் கல்.
உருண்டையாவதற்கும் எடை போதாதது.
எங்கேயோ போகிற வழியில் பிடிபட்டு,
கூட்டம் வலம்வரும் பிரகாரத்தில்
எதிரே நடந்து வருகிற ஒருத்திபோல்
சாய்வாகச் சுற்றுவது.
ஒரு சுற்றுக்கு மூன்று வருடம்.

பினாங்கிலிருந்து சாத்தப்பன் குடும்பம்
படைப்புக்கு வருவதும் ஏறக்குறைய அப்படித்தான்.
வந்ததும் தேடுவது
சார்ஜர் குத்த இடம்.

முறை இது:
ஓர் இரவின் அறுபது படங்களை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்,
நேராக அல்ல,
அது நகரும் என்று நான் நினைக்கும் வேகத்தில்
ஒவ்வொன்றையும் ஒரு நூல் தள்ளி.
அப்போது
நிலையாக நின்ற நட்சத்திரமெல்லாம்
கோடாக இழுபடும்.
அலைந்துகொண்டிருந்தது மட்டும்
புள்ளியாக நிற்கும்.
வேகம் தப்பினால்
இருப்பதும் இருக்காது.

போன செவ்வாய் வந்தார்
கோயில் கணக்கர் வயிரவன், புள்ளி வரிக்கு.
கணவனும் மனைவியும் ஒரு புள்ளி.
ஒருவர் போய்விட்டால் அரைப்புள்ளி.
"ஆச்சி, உங்களை..." என்று
பேனாவை மூடினார், திறந்தார்.
அவர் போகவில்லை,
சிங்கப்பூரில் நன்றாக இருக்கிறார்,
நான்தான் வந்துவிட்டேன் என்றேன்.
அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.
மோர் குடித்தார்.
கேட்டுச் சொல்கிறேன் என்று
பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டு
பணத்தை வாங்கி,
பெயர் போடாமல் ஒரு ரசீது கிழித்துத் தந்தார்.

மேலே இருப்பவற்றுக்கும் முதலில் பென்சில்தான்.
கண்ட வருடம், ஓர் எண், அவ்வளவே பெயர்.
இரண்டு இரவு பார்த்தது போதாது.
மூன்றாவது இரவு மேகம் என்றால்
தொலைந்துபோகும்.
தொலைந்தவை நிறைய.
சுற்றிக்கொண்டுதான் இருக்கும்,
கணக்கில்தான் இல்லை.

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு மேல்,
எதிர்ச்சுற்று வேகம் கொடுத்த நாலாவது அடுக்கில்
ஒரு மங்கல்.
முந்தானையால் திரையைத் துடைத்தேன்.
தூசி போயிற்று.
அது இருந்தது.

யூபிஎஸ் கத்தத் தொடங்கிய பிறகுதான்
கரண்ட் போனதே தெரிந்தது.
இன்னும் இரண்டு நிமிடம்.
கைக்கு அகப்பட்ட தாளில்
இடத்தை எழுதினேன், எல்லா இலக்கமும்,
அழுத்தி.
திரை அணைந்தது.
நூற்றுப்பத்தடி இருட்டில்
ஒரு பல்லி மட்டும் ஏதோ சொல்லிற்று.

காலையில் பார்த்தால் அது வரி ரசீது.
திருப்பினேன்.
முன்பக்கத்தில், பெயருக்கான கோட்டுக்கு மேலே,
எந்தக் கட்டத்திலும் சேராமல்
புடைத்துக்கொண்டிருந்தது
என் தசமப் புள்ளி.
விரல் வைத்தேன்.
இன்று ராத்திரி மேகம் இருக்குமா என்று
ஹவாயைக் கேட்க வேண்டும்.