ஐந்தும் இருபதும்

ஓபர்பார்மனில் பள்ளி விடும்போது ஒன்று நாற்பது.
சட்டைக் கையில் பசை காய்ந்திருக்கிறது.
பைக்குள் இருபத்து மூன்று கணக்குக் கொப்பிகள்,
அவற்றுக்கு அடியில், முனை மடங்கி,
பாதியில் விட்ட ஒரு ஆய்வுக் கட்டுரை.

தொங்குரயில் ஆற்றின் மேல் ஆடி ஆடிப் போகிறது.
கீழே வுப்பர், மழைக்குப் பிறகு தேநீர் நிறம்.
இரண்டாம் பந்தியில் தூங்கிவிடுகிறேன்.
எதிரே இருந்த பெண் என் பேனாவைப் பொறுக்கித் தருகிறாள்.
அதற்குள் இறங்கவேண்டிய நிலையம் போய்விட்டது.
மலையேறும் பஸ்ஸுக்கு ஓடி,
பல்கலைக்கழகக் கதவைத் தள்ளும்போது
கருத்தரங்கு தொடங்கி இருபது நிமிடம்.
கதிரை இல்லை. கதவோரம் நிற்கிறேன்.

இந்த நாட்டில் இருபத்தைந்தை
ஐந்தும் இருபதும் என்றுதான் சொல்கிறார்கள்.
காதில் முதலில் விழுவது ஐந்து.
ஏழு வயதுக் கை ஐந்தை முதலில் எழுதும்,
பிறகு பக்கத்தில் இரண்டை.
எங்கள் வகுப்புக் கடையில் அதனால்
ஒரு பென்சில் சிலநாள் ஐம்பத்திரண்டு சென்ட்.

வீட்டில் எனக்கு இருபது முதலில் வந்தது,
பள்ளியில் ஐந்து.
இரண்டுக்கும் நடுவில் வாய்மூடி நின்ற ஒரு வருடத்தைத்தான்
இப்போது முனைவர் பட்டம் என்கிறேன்.

அட்டவணையில் அவன் பெயர் பதினான்கு.
வகுப்பில் லேவின்.
பதினான்கு என்றால் நூற்றுக்கு அறுபத்தொரு பிழை.
லேவின் என்றால் அவிழ்ந்துபோன இடது சப்பாத்து நாடா,
ஒவ்வொரு இடைவேளையும்.
பேராசிரியர் ஹெல்ம்பிரெக்ட்டுக்குப் பதினான்கைப் பிடித்துவிட்டது.
"அருமையான உதாரணம்" என்றார்,
"யூன் வரைக்கும் தலையிடாதீர்கள்."
அப்போது மார்ச்.

தலையிடாமல் இருப்பதை
எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.
பன்னிரண்டு வருடமாகத் தலையிடுவதுதான் சம்பளம்:
மூக்கைத் துடை,
கத்தரிக்கோலை மூடிக் கொடு,
அவளுடைய தொப்பியை அவளிடமே கொடு.
இப்போது ஒரு பிள்ளை என் கண்முன்னே
எழுபத்து மூன்றை முப்பத்தேழு என்று எழுதுகிறான்,
சரியா என்று நிமிர்ந்து பார்க்கிறான்,
நான் ஜன்னலைப் பார்க்கிறேன்.

இரவில் பச்சைப் பேனா கொப்பிகளுக்கு,
சிவப்பு எனக்கு.
தூக்கக் கலக்கத்தில் ஒருமுறை
என் மூன்றாம் அத்தியாயத்தின் ஓரத்தில்
சிரிக்கும் சூரியன் ஒன்று வரைந்திருந்தேன்.
மெர்லேயின் கொப்பியில், "சான்று எங்கே?"
மறுநாள் மெர்லே என் மேசைக்கு வந்து
இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.
பத்து விரல்கள். இதோ.

மே மாதம், ஒரு வியாழன், சொல்வதெழுதுதல்.
ஏழும் முப்பதும், என்றேன்.
லேவின் இடது சுட்டுவிரலைத் தாளில் ஊன்றினான்.
விரலுக்கு வலப்பக்கம் ஏழு.
விரலை எடுத்தான்.
அது இருந்த இடத்தில் மூன்று.
முப்பத்தேழு.
அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"விரல் எதற்கு?"
"பிந்தி வாறவைக்கு இடம் பிடிக்கிறது" என்றான்,
அவனுடைய ஜெர்மனில், நான் என் தமிழில் கேட்டேன்.
"யார் சொல்லித்தந்தது?"
மெர்லே. இரண்டு கம்மிக்கரடிக்கு.

மெர்லேயிடம் யாரும் சொல்லவில்லை
யூன் வரைக்கும் காத்திருக்கும்படி.

பத்து வாரம் வளர்த்த கோடு
வரைபடத்தில் கிணற்றுக்குள் போட்ட வாளிபோல் இறங்குகிறது.
பேராசிரியர் கேட்பார்.
குறிப்பில் என்ன எழுத?
தலையீடு: ஆம்.
தலையிட்டவர்: வயது ஏழு, முன்பல் இல்லை.
செலவு: கரடி இரண்டு, ஒன்று சிவப்பு.
ஆசிரியர் அந்நேரம் எங்கே இருந்தார் என்ற கட்டத்தை
மூன்று நாளாக வெறுமையாக விட்டிருக்கிறேன்.

மணி அடிக்கிறது.
லேவின் காலை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.
குனிகிறேன். பையிலிருந்து கட்டுரை சரிந்து
ஈரமான நடைபாதையில் விழுகிறது.
கிடக்கட்டும்.
முதலில் முடிச்சு.