இரண்டு நட்சத்திரம்

எடைப்பாலம் சரிபார்ப்பது என் தொழில்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி மேலே நிற்கும்.
கீழே இரும்பு பொய் சொல்கிறதா என்று
குனிந்து கேட்பேன்.
பகாவ் ஆலையில் காலை வேலை முடிய
பதினொன்று தாண்டிவிட்டது.
இன்னும் பசியாறவில்லை. நகக்கண்ணில் கிரீஸ்.
தெரியாத ஊர்,
கைப்பேசியில் பன்னிரண்டு விழுக்காட்டு உயிர்.

முதலில் வந்தது நாலு புள்ளி ஒன்பது.
கண்ணாடிக் கதவு, வாழையிலை அச்சடித்த தட்டு.
இருநூற்றுப் பத்துப் பேர் புகழ்ந்திருந்தார்கள்,
அதில் நாற்பது பேர்
ஒரே செவ்வாய்க்கிழமை இரவில்,
நாற்பது பேரும் அருமையை
‘அறுமை’ என்று எழுதி.
ஒரே எடைக்கல்லை நாற்பது முறை தூக்கி வைத்தால்
நாற்பது கல் ஆகாது.

கீழே இழுத்தேன். இரண்டு புள்ளி நாலு.
தகரக் கூரை, பெயர்ப்பலகை தெரியாத படம்.
அங்கே எல்லாருக்கும் கோபம்.
லோகேஸ்: ‘பன்னிரண்டரைக்குப் போனால் கெளுத்தி முடிந்துவிட்டதாம். ஒரு நட்சத்திரம்.’
ஹஸ்லிண்டா: ‘உட்கார இடமில்லை. லோரிக்காரர்கள் எழுந்திருப்பதே இல்லை.’
பெயர் போடாத ஒருவர்:
‘காரம் குறைக்கச் சொன்னேன். கடைக்காரம்மா என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.’
ஆ கியோங் மட்டும்: ‘செடாப்.’
மூன்று வருடம் முன்பு ஒருமுறை,
பிறகு வருடத்துக்கு ஒருமுறை, அதே சொல்.

காடியை எடுத்தேன்.

ரயில் நிலையம் தாண்டி, டயர் கடைக்குப் பின்னால்.
செங்கமலம் என்று கூப்பிட்டார்கள். அவர் நிமிரவில்லை.
‘கெளுத்தி இருக்கா?’
‘ரெண்டு துண்டு கெடக்கு. உக்காரு.’
உட்கார இடம் உண்மையிலேயே இல்லை.
ஆரோக்கியநாதன் என்றொருவர்,
குலைமுள் கிழித்துத் தைத்த சட்டை,
பெஞ்சில் நகர்ந்து பாதி தந்தார்.

சோறு குழைந்திருந்தது, சொல்லிவிடுகிறேன்.
பயிற்றங்காய் சுமார்.
ஆனால் அந்தக் குழம்பு...
புளி முன்னால் வந்து பேசிக்கொண்டிருந்தது,
காரம் ஒன்றும் சொல்லாமல் நின்றது,
அடுத்த வாய்க்கு நான் கை நீட்டியபோது
பின்கழுத்தில் தட்டிக் கூப்பிட்டது.
சோறு மட்டும்தான் கேட்டேன்,
குழம்பும் சேர்ந்து வந்தது.
ஒன்பது வெள்ளி.

கை கழுவி வந்து, ஐந்தாவது நட்சத்திரத்தின் மேல்
விரல் இறங்கும்போது
ஆரோக்கியநாதன் மணிக்கட்டைப் பிடித்தார்.
‘எழுதாதீங்க தம்பி.’
‘நல்லாத்தானே இருக்கு?’
‘அதான். போன தீபாவளிக்கு ஒருத்தன் படம் புடிச்சுப் போட்டான்.
சனிக்கிழமையானா கோலாலம்பூர்லேர்ந்து மூணு வேன்.
ஒரு மாசம் எங்களுக்கு மீன் வாடையே இல்ல.
கமலக்காவுக்குக் கை வீங்கிப்போச்சு.’
குரலைத் தாழ்த்தினார்.
‘அந்த லோகேஸ் யாருங்கிறீங்க?’

அடுத்த பெஞ்சில் முள்ளை உறிஞ்சிக்கொண்டே
ஒருவன் கையை உயர்த்தினான்.

‘அக்காவுக்குத் தெரியுமா?’
‘அந்தப் பார்வைக் கதை இருக்கே,
அது அவங்க சொல்லச் சொல்ல எழுதினது.’
செங்கமலம் அப்போதுதான் நிமிர்ந்து
என்னைப் பார்த்தார்.
அவ்வளவுதான்.

பத்தொன்பது வருடத்தில் நான்
ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ
கையெழுத்துப் போட்டதில்லை.
ஒரு முதலாளி கடித உறையை நீட்டியிருக்கிறார்,
இன்னொருவர் நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார்.
அன்றிரவு குவாலா பிலா விடுதியில்,
சார்ஜர் கம்பி எட்டாத கட்டிலில்,
சுவரோரம் நின்றபடி எழுதினேன்:
‘மின்விசிறி சத்தம். சோறு குழைவு.
இரண்டு நட்சத்திரம்.’
முதல் இரண்டும் உண்மை.

விரல் இன்னும் மணத்தது.
அந்த விரலாலேயே அழுத்தி அனுப்பினேன்.

நாளைய ஆலையும் பகாவ் பக்கம்தான்.
பத்தரைக்குள் முடித்தாக வேண்டும்.