முப்பத்தொன்று

சட்டையைக் கழற்றச் சொல்லுமுன்பே
பாதிப் பொத்தான்களை அவிழ்த்துவிட்டார் எலியோதோரோ.
நகக்கண்களில் காய்ந்த சேறு.
இடது காறையெலும்புக்குக் கீழே
தீப்பெட்டி அளவில் ஒரு மேடு.

தொழில் என்ற கட்டத்தில்
"சுவர்" என்று மட்டும் எழுதச் சொன்னவர் அவர்.
கோச்சபாம்பா பள்ளத்தாக்கில் நாற்பது ஆண்டு
மண்ணும் வைக்கோலும் மிதித்துக் குழைத்துப்
பச்சைக்கல் அடுக்கிய கால்கள்.
அந்தச் சுவர்களின் விரிசலில்தான்
வின்சூக்கா குடியிருந்தது.

விளக்கணைந்ததும் இறங்கி வரும்.
உறங்குபவர் கன்னத்தில் வாய் வைக்கும்.
குடித்த இடத்திலேயே கழிந்துவிட்டுப் போகும்.
தூக்கத்தில் சொறிகிற விரலே
கதவைத் திறந்துவிடும்.
கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளே நுழைந்து
முப்பது வருடம் வாய் திறக்காது.

இதயம் என்பது ஒரு சேதி போகிற வீடு.
மேலறையில் பொறி பிறக்கும்,
நடுவாசலில் ஒரு கணம் தயங்கும்,
பிறகு இரண்டு கிளையாய்க் கீழறைக்குப் பாயும்.
கீழறை இறுகும், ரத்தம் புறப்படும்.
இவருக்கு நடுவாசல் அரித்துப்போயிருந்தது.
மேலே கூப்பிடுகிறார்கள்
கீழே கேட்கவில்லை.
கீழறை தன்பாட்டுக்கு
நினைத்தபோது துடித்தது.
ஒரு நாள் ஏணியில் நின்றபடியே
கரணை கையிலிருக்கச் சரிந்தார்.

புதுக் கருவி வாங்க அவரிடம் இருந்தவை
இரண்டு ஆடும் ஒரு கைவண்டியும்.
இது வேறொருவர் நெஞ்சில் இருந்தது.
எங்கோ ஒரு குளிர்நாட்டில்
வீட்டார் கொடுத்து, கழுவி, கிருமி நீக்கி
கடல் தாண்டி வந்தது.
கம்பி மட்டும் புதிது.
மின்கலத்தில் மிச்சம் ஆறு வருடம்.

"முன்னாடி யாரோடது?"
ஒவ்வொரு முறையும் கேட்பார்.
"தெரியாது" என்பேன்.
பொய்யில்லை. பெயர் வராது, எண்தான் வரும்.
ஆனால் அதன் நினைவை அழிக்குமுன்
நான் ஒருமுறை படித்தேன்.
கடைசி இரவு முழுக்க அது கூப்பிட்டிருக்கிறது
நிமிடத்துக்கு அறுபது தரம்.
சதை பதில் சொல்லவில்லை.
அதற்கு அது தெரியவும் இல்லை.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று ஆறு மாதச் சோதனை.
"வேகத்தைக் குறைக்கப் போறேன்.
உங்களோடது எவ்வளவுன்னு பார்க்கணும்.
தலை சுத்தினா சொல்லுங்க."
ஐம்பது.
நாற்பது.
முப்பது.
திரையில் கோடு நீட்டிப் படுத்தது.
ஒரு நொடி.
என் விரல் பொத்தான்மேல்.
அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
விட்டத்தை அளப்பவர்போல.
இன்னும் அரை நொடி.
வந்தது.
அகலமாய், கோணலாய்,
சுமை தூக்கி மேடேறும் கழுதைபோல ஒன்று.
பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்று.
முப்பத்தொன்று.

"இதுதான் நீங்க" என்றேன்.
"இவ்வளவுதானா?" என்றார்.
உதட்டில் நீலம் தொடங்கியிருந்தது.
அறுபதுக்கு ஏற்றினேன்.

சட்டையைப் போட்டுக்கொண்டே மகனைப் பற்றிச் சொன்னார்.
வில்மருக்குப் பதினொரு வயது.
ரத்தத்தில் அதே பூச்சியின் விருந்தாளி.
அறுபது நாள் மாத்திரையில் இருபத்துமூன்றாம் நாள்,
உடம்பெல்லாம் தடிப்பு, பள்ளிக்குப் போக மறுக்கிறான்.
"நிறுத்தவேண்டாம். சின்ன வயசு,
பலிக்க நிறைய வாய்ப்பிருக்கு" என்றேன்.
"அவன் படுக்கிற அறைச் சுவர்
நான் கட்டினது" என்றார்.
அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

போகும்போது வாசலருகே நின்றார்.
விரல் முட்டியால் சுவரைத் தட்டினார்,
காதை வைத்தார், ஒரு சாண் தள்ளி
மறுபடி தட்டினார்.
"டாக்டரம்மா, இங்க உள்ளே பொள்ளல்."
நான் டாக்டர் இல்லை என்று
நூறாவது தடவையாகச் சொல்ல வாயெடுத்தேன்.
"சனிக்கிழமை சுண்ணாம்போட வர்றேன்.
அதுவரைக்கும் இந்தப் பக்கம்
யாரையும் படுக்கவைக்காதீங்க."