கதவு மூடிய நிலையில்

கொழும்புப் பரிசோதனை அறையில்
யாரும் தண்ணீர் கேட்பதில்லை.
முப்பத்திரண்டு பாகை, அசையாத காற்று.
பிரிஜ்ஜுக்குள் மீனுக்குப் பதிலாக
விரல்நுனி அளவு பித்தளைத் துண்டுகள்,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு வெப்ப உணரி.
கதவைச் சாத்திவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோம்.
ஐந்து நட்சத்திரம்.
நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது ஆடி மாதம், கச்சான் காற்று,
திருக்கடலூரில் கோகிலவதனியின் குசினி.
அதே வகை, அதே சாம்பல் நிறம்,
தொடரிலக்கத்தில் மட்டும் நாற்பத்தொன்று வித்தியாசம்.
சுவருக்கும் வயருக்கும் நடுவில்
என் மானியைச் செருகினேன்.
"இது கரண்டைக் கூட்டுமா தங்கச்சி?"
"இல்லை அக்கா. எண்ணும், அவ்வளவுதான்."
"எண்ணுறதுக்குத்தானே பில் அனுப்புறாங்கள்."

படிவத்தில் நாலாவது கேள்வி:
நாளொன்றுக்குக் கதவு திறக்கப்படும் தடவைகள்.
கொப்பியில் கோடு போடத் தொடங்கினேன்.

விடிய நாலரை. வள்ளத்துக்கு ஐஸ் எடுக்கிறார் யோகநாயகம்.
ஐந்தரைக்குப் பக்கத்து வீட்டு ஜெசிந்தா,
தாயின் இன்சுலின் குப்பியை
குருவிக்குஞ்சைப்போல் பொத்திக்கொண்டு போகிறாள்,
கொண்டுவந்து வைக்கிறாள். இரண்டு கோடு.
பிறகு பால்.
பிறகு, பள்ளிக்கூடம் போகுமுன்
பெடியன் திறந்தான், பார்த்தான், மூடினான்.
ஒன்றும் எடுக்கவில்லை.
அதற்கும் ஒரு கோடு.
பத்து மணிக்கு மீன் வந்தது,
சூரை, கொஞ்சம் பாரை, விலைபோகாத காரல்,
வெயிலின் சூடு இன்னும் செதிலில் இருக்க.
கொம்பிரசர் இருமிக்கொண்டு எழுந்தது,
மத்தியானம்வரை உட்காரவில்லை.
உப்புக்காற்று தின்ற கதவு ரப்பரில்
ஓர் இடத்தில் பழைய சீலைத்துண்டு.

இரவு கூட்டிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு.
அதில் மூன்று என் தாகம்.

மூன்றாம் நாள் மூதூரில் கலியாணம்.
வீடு பூட்டி, திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார்கள்.
இன்சுலின் குப்பி அன்றைக்கு ஜெசிந்தா வீட்டு
ஈரமண் பானைக்குள்.
நானும் மானியும் பிரிஜ்ஜும்.

ஆறு மணித்தியாலம் யாரும் தொடாதிருக்க
வரைபடத்தின் கோடு படியிறங்கியது.
பனி உருக்கும் சூடாக்கி அணைந்தது.
கதவோர வியர்வையை உலர்த்தும் கம்பி அணைந்தது.
கொம்பிரசர் நுனிக்காலில் நடந்தது.
இந்தக் கோட்டை எனக்குத் தெரியும்.
கொழும்பில் நான் கையெழுத்திட்ட அதே கோடு.

எழுந்துபோய் ஒரு தரம் திறந்து மூடினேன்.
குசினி வெளிச்சத்தில் முட்டைகள் திடுக்கிட்டன.
பத்து நிமிடத்தில்
எல்லாம் ஒவ்வொன்றாய் விழித்துக்கொண்டு
கரண்டைக் குடிக்கத் தொடங்கின.
மறுபடி விட்டேன். மறுபடி இறங்கியது.
மறுபடி திறந்தேன்.
விடியும்வரை இதே வேலை,
நித்திரை கொள்வதாய் நடிக்கும் பிள்ளையின்
உள்ளங்காலைக் கிச்சுக்கிச்சு மூட்டுவதுபோல்.

இந்தப் பெட்டிக்குப் பரீட்சை மணி கேட்கிறது.
யாரோ ஒருவர், எங்கோ ஒரு மேசையில்,
எங்கள் விதியை எங்களைவிடக் கவனமாக வாசித்திருக்கிறார்.

விதிக்கு ஒரு வரி சேர்க்கச்சொல்லி எழுதினேன்:
பரிசோதனையின்போது கதவு, நேரம் குறிக்காமல், திறக்கப்படல் வேண்டும்.
பதில் அன்றே வந்தது.
யார் திறப்பது? எத்தனை தடவை? எத்தனை வினாடி?
நுவரெலியாவிலும் திருகோணமலையிலும்
ஒரே விடை வராவிட்டால் அது அளவையா?
நியாயமான கேள்வி. கோபம் வரவில்லை.
எத்தனை தடவை என்ற இடத்தில்
ஐம்பத்தெட்டு என்று எழுதி,
வெட்டி,
மூன்றைக் கழித்து எழுதி,
அதையும் வெட்டினேன்.
தாகத்தை எந்த நிரலில் போடுவது?

மானியைக் கழற்றும்போது
கலியாணச் சீலை மாற்றாமலே வந்து நின்றாள் வதனி.
"என்ன, எங்கட பெட்டி பாஸா?"
"மெல்லக் கதையுங்கோ அக்கா" என்றேன்,
"சோதனை என்று கேட்டால்
உடனே நல்ல பிள்ளையாகிவிடும்."
அவள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து
பலகாரப் பெட்டியை வைக்க இடம் தேடினாள்.
திறந்தபடி.
கனநேரம்.